எங்கே வலிக்கிறது என்று சொல்லும் எண்கள்: கடும் வறுமைக்கு எதிரான உலக முயற்சிகளில் சமூகக் குறிகாட்டிகளைப் பயன்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

2025 ஜூன் மாதம் உலக வங்கி கடும் வறுமைக் கோட்டை ஒரு நாளைக்கு 2.15 டாலரிலிருந்து 3 டாலருக்கு உயர்த்தியது. பழைய கணக்கின்படி 2022-ல் உலகில் 71.3 கோடிப் பேர் கடும் வறுமையில் இருந்தார்கள். புதிய கணக்கின்படி அதே 2022-ல் 83.8 கோடிப் பேர். ஒரே அறிவிப்பில் பன்னிரண்டரைக் கோடிப் பேர் கூடிவிட்டார்கள். அவர்களில் ஒருவருடைய சாப்பாட்டுத் தட்டிலும் அன்றைக்கு எதுவும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கோட்டை மாற்றியது தவறு என்று நான் சொல்லவில்லை. நாடுகளுக்கிடையே 2021-ம் ஆண்டு விலைவாசியை ஒப்பிடும் புதிய கணக்குகள் வந்துவிட்டன, ஏழை நாடுகள் தங்களுக்கென்று வகுத்துக்கொண்ட கோடுகளும் உயர்ந்துவிட்டன. மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் உதவித் தொகையை எங்கே அனுப்புவது என்று தீர்மானிக்க உட்கார்ந்திருப்பவருக்கு இந்த எண் கைகொடுப்பதில்லை. அடுத்த தவணைப் பணத்தைத் தண்ணீரில் போடுவதா, தடுப்பூசியில் போடுவதா, கையில் ரொக்கமாகக் கொடுப்பதா? எந்தப் பகுதிக்கு முதலில்? எந்த வீட்டுக்கு? வருமானக் கோடு எத்தனை பேர் என்று சொல்லும். எங்கே வலிக்கிறது என்று சொல்வது சமூகக் குறிகாட்டிகள்தான்: பிறந்த குழந்தைகளில் எத்தனை பேர் ஐந்தாவது பிறந்தநாளைப் பார்க்கிறார்கள், குழந்தைகள் வயதுக்கேற்ற உயரத்தில் இருக்கிறார்களா, பள்ளிக்குப் போகிறவர்கள் படிக்கக் கற்கிறார்களா, குடிநீர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பன போன்றவை.

இந்த யோசனை புதிதல்ல. 1979-ல் மோரிஸ் டேவிட் மோரிஸ் என்ற பொருளியல் அறிஞர் எழுத்தறிவு, சிசு மரணம், ஒரு வயதில் எதிர்பார்க்கப்படும் ஆயுள் ஆகிய மூன்றை மட்டும் வைத்து நாடுகளை ஒப்பிட்டார். 1990-ல் மஹ்பூப் உல் ஹக், அமர்த்தியா சென் போன்றவர்களின் உழைப்பில் மனித மேம்பாட்டுக் குறியீடு வந்தது. 1995-ல் கோபன்ஹேகனில் நடந்த சமூக மேம்பாட்டு உச்சி மாநாடு வறுமையைப் பணக் குறைவாக மட்டும் பார்க்கக் கூடாது என்று பல நாடுகளின் தலைவர்களையும் ஒப்புக்கொள்ள வைத்தது. 2000-ல் ஐ.நா.வின் எட்டு மில்லினிய இலக்குகள், 2015-ல் பதினேழு நீடித்த வளர்ச்சி இலக்குகள். சரி, வரலாறு இவ்வளவு போதும். வேலைக்கு வருவோம்.

முதல் படி: முடிவிலிருந்து பின்னோக்கி வாருங்கள்

பெரும்பாலான திட்டங்கள் 'என்ன டேட்டா கிடைக்கிறது?' என்ற கேள்வியில் தொடங்குகின்றன. அங்கேயே வழி தவறிவிடுகிறது. முதலில் கேட்க வேண்டியது: இந்த எண்ணை வைத்து யார், என்ன முடிவு எடுக்கப் போகிறார்? எண் மேலே போனால் என்ன செய்வார், கீழே போனால் என்ன செய்வார்? இரண்டுக்கும் ஒரே பதில் என்றால் அந்த எண்ணைச் சேகரிக்கவே வேண்டாம். ஒரு தாயின் அரை மணி நேரத்தை வாங்கித்தான் அந்தப் பதிலைப் பெறுகிறோம். வீணாக வாங்கக் கூடாது.

முடிவுகள் பொதுவாக மூன்று வகை. எந்த நாட்டுக்கு என்பது முதல் வகை. ஐ.நா. 1971-ல் உருவாக்கிய 'குறைந்த வளர்ச்சியடைந்த நாடுகள்' பட்டியல் இதற்கு நல்ல உதாரணம். அதில் ஒரு நாட்டைச் சேர்க்கவும் நீக்கவும் தேசிய வருமானம், மனித வளக் குறியீடு, பொருளாதார மற்றும் சுற்றுச்சூழல் பாதிப்புக் குறியீடு என்று மூன்றையும் மூன்றாண்டுக்கு ஒருமுறை பார்க்கிறார்கள். மனித வளக் குறியீட்டுக்குள் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பும் தாய்மார்களின் இறப்பும் இருக்கின்றன, குழந்தைகளின் வளர்ச்சிக் குன்றலும் (வயதுக்கேற்ற உயரம் இல்லாமை) எழுத்தறிவும் இருக்கின்றன. பூட்டான் 2023 டிசம்பரில் இந்தப் பட்டியலிலிருந்து வெளியேறியது.

நாட்டுக்குள் எந்த இடம், எந்த மக்கள் என்பது இரண்டாவது வகை. செய்துகொண்டிருப்பது பலன் தருகிறதா என்பது மூன்றாவது. இந்த மூன்றுக்கும் ஒரே குறிகாட்டி பொருந்தாது. ஐந்து வயதுக்குட்பட்டோர் இறப்பு விகிதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். குடும்ப சர்வேக்களில் அதைக் கணக்கிடத் தாய்மார்களிடம் அவர்கள் பெற்ற ஒவ்வொரு குழந்தையைப் பற்றியும் கேட்கிறார்கள். நாட்டளவு எண் பெரும்பாலும் சர்வேக்கு முந்தைய ஐந்தாண்டுகளைக் குறிக்கும். மாகாண அளவில் பத்தாண்டுகள். நாடுகளை ஒப்பிட அருமையான அளவுகோல். ஆனால் போன வருஷம் தொடங்கிய உங்கள் திட்டம் வேலை செய்கிறதா என்று அது சொல்லாது. அதற்குக் கொசுவலைக்குள் தூங்கும் குழந்தைகளின் பங்கு, வயிற்றுப்போக்கின்போது உப்பு-சர்க்கரைக் கரைசல் கிடைத்த குழந்தைகளின் பங்கு போன்ற, சீக்கிரம் நகரும் எண்கள் வேண்டும்.

இரண்டாவது படி: குறைவாகத் தேர்ந்தெடுங்கள், முடிவைக் காட்டுவதைத் தேர்ந்தெடுங்கள்

நீடித்த வளர்ச்சி இலக்குகளுக்கு 230-க்கும் மேற்பட்ட குறிகாட்டிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் கண்காணிக்க முயலும் அமைப்பு எதையும் கண்காணிப்பதில்லை. என் கணக்கில் ஒரு திட்டத்துக்கு ஆறிலிருந்து பத்து வரை போதும்.

தேர்ந்தெடுக்கும்போது ஒரு சங்கிலியை மனதில் வையுங்கள்: போட்ட பணம், கிடைத்த சேவை, வாழ்க்கையில் வந்த மாற்றம். முதல் கண்ணியை எண்ணுவது எளிது, அதனால்தான் எல்லோரும் அதிலேயே நின்றுவிடுகிறார்கள். மில்லினிய இலக்குகள் காலத்தில் கல்விக்கு நடந்தது இதுதான். பள்ளியில் சேர்ந்தார்களா, தொடக்கக் கல்வியை முடித்தார்களா என்பதுதான் இலக்கு. கோடிக்கணக்கான குழந்தைகள் பள்ளிக்குள் வந்தார்கள். அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் உள்ளே வந்தவர்கள் என்ன கற்றார்கள் என்று யாரும் கட்டாயப்படுத்திக் கேட்கவில்லை. 2019-ல் உலக வங்கி கணக்கிட்டபோது, குறைந்த மற்றும் நடுத்தர வருமான நாடுகளில் பத்து வயதுக் குழந்தைகளில் 53 சதவீதம் பேரால் ஓர் எளிய பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை. பள்ளிச் சேர்க்கையும் வாசிப்பும் வேறு வேறு கேள்விகள்.

தண்ணீரிலும் அப்படியே. போட்ட ஆழ்குழாய்க் கிணறுகளின் எண்ணிக்கை அறிக்கைக்கு அழகு. போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் ஒரு பெண்ணின் நாள்.

மூன்றாவது படி: குறைகள் ஒரே வீட்டில் எப்படிச் சேர்கின்றன என்று பாருங்கள்

இதில் கொஞ்சம் நிதானமாகப் போவோம். முழு வழிகாட்டியிலும் இதுதான் அதிகம் பயன்படும் பகுதி என்பது என் எண்ணம்.

ஒரு நாட்டில் 30 சதவீதம் வீடுகளில் கழிப்பறை இல்லை, 30 சதவீதம் வீடுகளில் மின்சாரம் இல்லை, 30 சதவீதம் வீடுகளில் ஒரு குழந்தையாவது பள்ளிக்குப் போகவில்லை என்று மூன்று அறிக்கைகள் வருகின்றன. மூன்றும் ஒரே வீடுகளா, வேறு வேறு வீடுகளா? அறிக்கைகளைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. ஆனால் வறுமை என்பது இந்தச் சேர்க்கைதான். இதைப் பிடிப்பதற்காகச் சபீனா அல்கைரேயும் ஜேம்ஸ் ஃபாஸ்டரும் உருவாக்கிய முறையில், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு மையமும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் 2010 முதல் பல்பரிமாண வறுமைக் குறியீட்டை வெளியிடுகின்றன.

அதில் பத்துக் குறிகாட்டிகள். உடல்நலத்தில் இரண்டு (ஊட்டச்சத்து, குழந்தை இறப்பு), கல்வியில் இரண்டு (படித்த ஆண்டுகள், பள்ளி வருகை). இந்த நான்குக்கும் ஆளுக்கு 1/6 எடை. வாழ்க்கைத் தரத்தில் ஆறு: சமையல் எரிபொருள், கழிப்பறை, குடிநீர், மின்சாரம், வீடு, உடைமைகள். இவற்றுக்கு ஆளுக்கு 1/18. மொத்தக் குறை 1/3 அல்லது அதற்கு மேல் என்றால் அந்த வீட்டில் உள்ள எல்லோரும் பல்பரிமாண வறுமையில் இருப்பதாகக் கணக்கு.

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். ஐந்து பேர். விறகில் சமையல். மண் தரை. மின்சாரம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்களோடு பகிரும் கழிப்பறை (பகிர்ந்தால் அதுவும் குறைதான்). தண்ணீருக்குப் போய் வர நாற்பது நிமிடம் (முப்பது நிமிடமோ அதற்கு மேலோ ஆனால் குறை). ஒரு ரேடியோவும் ஒரு சைக்கிளும் இருப்பதால் உடைமையில் குறை இல்லை. யாரும் மெலிந்திருக்கவில்லை, எந்தக் குழந்தையும் இறக்கவில்லை, அப்பா ஆறு வகுப்பு முடித்திருக்கிறார், பதினோரு வயது மகள் பள்ளிக்குப் போகிறாள். கூட்டினால் 5/18. அதாவது 27.8 சதவீதம். கோட்டுக்குச் சற்று வெளியே.

இப்போது அம்மாவுக்கு முதுகு வலி. தண்ணீர் எடுக்க மகள் போகிறாள். இரண்டு மாதத்தில் பள்ளி நின்றுவிடுகிறது. 5/18-உடன் 3/18 சேர்ந்து 8/18, அதாவது 44.4 சதவீதம். ஒரு குடம் ஐந்து பேரைக் கோட்டுக்குள் இழுத்துவிட்டது.

என்ன செய்யலாம்? எரிவாயு அடுப்பும் சூரிய விளக்கும் கொடுத்தால் 2/18 குறையும். மீதி 6/18, சரியாக மூன்றில் ஒரு பங்கு. வீடு இன்னும் வறுமைக்குள்தான். தண்ணீரை அருகே கொண்டுவந்தால் 1/18 குறையும். அதனால் மகள் பள்ளிக்குத் திரும்பினால் இன்னும் 3/18. மீதி 4/18. ஒரே குழாய்ப் பம்பில் குடும்பம் வெளியே வந்துவிடுகிறது. எந்தக் குறை எந்தக் குறையைப் பிடித்து இழுக்கிறது என்று இப்படி வீடு வீடாகப் பார்த்தால்தான் பணத்தை எங்கே போடுவது என்று தெரியும். மூன்று தனித்தனி சதவீதங்கள் இதை ஒருநாளும் சொல்லியிருக்காது.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். இந்தக் குறியீடு இரண்டு எண்களின் பெருக்கல்: வறுமையில் இருப்போரின் பங்கு, அவர்கள் சராசரியாகச் சுமக்கும் குறையின் அளவு. நூறு பேரில் நாற்பது பேர் ஏழைகள், அவர்கள் சராசரியாகப் பாதிக் குறைகளைச் சுமக்கிறார்கள் என்றால் 0.4-ஐ 0.5-ஆல் பெருக்க 0.20. தலைகளை மட்டும் எண்ணினால் அவசரக்காரர்கள் கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்களை மட்டும் தூக்கிவிட்டு வெற்றி என்று அறிவித்துவிடுவார்கள். 70 சதவீதக் குறையோடு இருப்பவர் அப்படியே கிடப்பார். இரண்டாவது எண் அவரையும் கணக்கில் வைக்கிறது. எனவே பங்கையும் ஆழத்தையும் சேர்த்துக் கேளுங்கள். பாதிக்கு மேல் குறை உள்ளவர்களைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள்.

2024 அறிக்கையின்படி 112 நாடுகளில் வாழும் 630 கோடிப் பேரில் 110 கோடிப் பேர் இந்த வறுமையில் இருக்கிறார்கள். அதில் 58.4 கோடிப் பேர் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள். மொத்தத்தில் 45.5 கோடிப் பேர் போரும் மோதலும் நடக்கும் நாடுகளில் வாழ்கிறார்கள்.

நான்காவது படி: எண் பிறக்கும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள்

சமூகக் குறிகாட்டிகளில் பெரும்பகுதி சில சர்வேக்களிலிருந்து வருகிறது. மக்கள்தொகை மற்றும் உடல்நல சர்வே 1984 முதல் அமெரிக்க அரசின் நிதியில் சுமார் 90 நாடுகளில் நடந்தது. யுனிசெஃப் 1990-களின் நடுவிலிருந்து பல குறிகாட்டிக் குடும்ப சர்வேயை நடத்துகிறது. உலக வங்கி 1980-ல் தொடங்கிய வாழ்க்கைத் தர சர்வே செலவு, வருமானம் பற்றியது. 2025 தொடக்கத்தில் அமெரிக்க வெளிநாட்டு உதவி நிறுத்தப்பட்டபோது முதலாவது சர்வே பாதி வழியில் நின்றது. பல ஏழை நாடுகளுக்குக் குழந்தைகள் இறப்பைப் பற்றி நம்பத்தக்க எண் தந்தது அந்த ஒரே சர்வேதான். எனக்கு இது மனதை மிகவும் உறுத்திய செய்தி. வறுமையைக் குறைக்கும் பணத்தை வெட்டினால் யாராவது கேள்வி கேட்பார்கள். அளக்கும் கருவியையே எடுத்துவிட்டால் கேட்பதற்கு எண்ணே இருக்காது. ஆகவே எந்தக் குறிகாட்டியை எடுத்தாலும் முதலில் சர்வே நடந்த ஆண்டைப் பாருங்கள். அறிக்கையின் ஆண்டு வேறு, தரவின் ஆண்டு வேறு.

கேள்வி கேட்கும் விதமும் எண்ணை மாற்றும். தான்சானியாவில் 2007-08-ல் நடந்த ஒரு சோதனையில், உணவுச் செலவைக் கேட்கும் எட்டு வெவ்வேறு முறைகளை வீடுகளுக்குக் குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுத்தார்கள். எந்த முறையில் கேட்டார்கள் என்பதைப் பொறுத்துப் பசியில் இருப்போரின் பங்கு 19 சதவீதத்திலிருந்து 68 சதவீதம் வரை வந்தது. ஒரே நாடு, ஒரே காலம். நினைவிலிருந்து சொல்வதா, நாட்குறிப்பில் எழுதுவதா, ஒரு வாரமா, ஒரு மாதமா என்பதெல்லாம் சில்லறை விவரங்கள் அல்ல.

ஒரு குழந்தையின் உயரத்தை அளப்பதையே பாருங்கள். வளர்ச்சிக் குன்றல் என்ற குறிகாட்டி முழுவதும் இந்த ஐந்து நிமிடத்தில் பிறக்கிறது. ஒரு மரப் பலகை. இரண்டு வயதுக்குக் கீழ் என்றால் குழந்தையைப் படுக்க வைத்து அளக்க வேண்டும், அதற்கு மேல் என்றால் நிற்க வைத்து. மாற்றிச் செய்தால் சுமார் 0.7 சென்டிமீட்டர் பிழை. ஒருவர் தலையைப் பலகையோடு நேராகப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் முழங்காலை அழுத்திப் பாதத் தட்டைத் தள்ள வேண்டும். குழந்தை வீறிட்டு அழும், கால் மடங்கும், தாய் பதறுவார். கடைசி மில்லிமீட்டர் வரை வாசிக்க வேண்டும். பொறுமை இழந்த கணக்கெடுப்பாளர் 78.3-ஐ 78 என்று எழுதிவிடுவார். எண்கள் .0-விலும் .5-விலும் குவிந்திருந்தால் களத்தில் என்ன நடந்தது என்று புரிந்துகொள்ளலாம்.

வயது இன்னும் பெரிய சிக்கல். பிறப்புச் சான்றிதழ் இல்லாத இடத்தில் 'இரண்டு வயது இருக்கும்' என்பதுதான் பதில். இருபது மாதக் குழந்தையை இருபத்து நான்கு மாதம் என்று எழுதினால், நன்றாக வளர்ந்த குழந்தைகூடக் குன்றியதாகத் தெரியும். அதனால் நல்ல குழுக்கள் உள்ளூர் நிகழ்ச்சி நாட்காட்டி ஒன்றைத் தயாரித்துக்கொண்டு போகின்றன: பெருமழை, அறுவடை, தேர்தல், திருவிழா. 'அறுவடைக்கு முன்னாலா, பின்னாலா?' என்று கேட்டுக் கேட்டு மாதத்தைப் பிடிக்கிறார்கள். ஒரு சர்வேயின் தரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் வயதுகள் 12, 24, 36 மாதங்களில் குவிந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

கடைசியாக, கதவே இல்லாதவர்கள். குடும்ப சர்வே கதவைத் தட்டுகிறது. நடைபாதையில் படுப்பவர்கள், நாடோடி மேய்ப்பர்கள், விடுதிகளிலும் முகாம்களிலும் இருப்பவர்கள் பட்டியலிலேயே இல்லை. கடும் வறுமையைத் தேடும் கருவி அதன் அடிமட்டத்தையே தவறவிடுகிறது. இவர்களுக்குத் தனிக் கணக்கெடுப்புக்கான பணத்தைத் தொடக்கத்திலேயே ஒதுக்குங்கள்.

ஐந்தாவது படி: சராசரியை உடையுங்கள்

இடம், பாலினம், வயது, இனக்குழு, மாற்றுத்திறன் என்று பிரித்துப் பார்க்காமல் எந்த எண்ணையும் ஏற்காதீர்கள். மாற்றுத்திறனுக்குத் தனி சர்வே தேவையில்லை. பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவு, தன்னைத் தானே கவனித்தல், பேசிப் புரியவைத்தல் பற்றிய ஆறு கேள்விகள் கொண்ட வாஷிங்டன் குழுவின் தொகுப்பை இருக்கிற சர்வேயிலேயே சேர்த்துவிடலாம்.

வீட்டுக்குள்ளும் பிரிக்க வேண்டும். சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள 30 ஆப்பிரிக்க நாடுகளின் தரவுகளை ஆராய்ந்தபோது, எடை குறைந்த பெண்களிலும் ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைகளிலும் சுமார் முக்கால்வாசிப் பேர், மிக ஏழையான 20 சதவீத வீடுகளில் இல்லை என்று தெரிந்தது. அதாவது 'ஏழை வீடுகளைக் கண்டுபிடித்து உதவு' என்ற திட்டம் எவ்வளவு துல்லியமாக நடந்தாலும் அந்தப் பெண்களிலும் குழந்தைகளிலும் பெரும்பாலோரைச் சென்றடையாது. பல்பரிமாணக் குறியீடும் இங்கே பலவீனம்தான். அது வீட்டை ஓர் அலகாக எடுக்கிறது.

ஆறாவது படி: வறுமையில் வாழ்பவரிடம் கேளுங்கள்

'நான்காம் உலகம்' என்ற அமைப்பும் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்களும் வங்கதேசம், பொலிவியா, பிரான்ஸ், தான்சானியா, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் வறுமையில் வாழ்பவர்களையே இணை ஆய்வாளர்களாக வைத்து 2016 முதல் 2019 வரை ஆய்வு செய்தார்கள். ஒன்பது பரிமாணங்கள் வந்தன. வருமானமும் வேலையும் அதில் உண்டு. ஆனால் அலுவலகங்களில் அவமதிக்கப்படுவது, சமூகம் ஒதுக்குவது, தன் உழைப்பும் அறிவும் யார் கண்ணிலும் படாமல் போவது, தன் வாழ்வைத் தானே தீர்மானிக்க முடியாமை ஆகியவையும் இருந்தன. சர்வே படிவங்களில் இவற்றுக்குக் கட்டமே கிடையாது. உங்கள் பட்டியலில் ஒன்றையாவது இங்கிருந்து சேருங்கள். 'கடைசியாக அரசு அலுவலகத்துக்கோ மருத்துவமனைக்கோ போனபோது உங்களை மரியாதையாக நடத்தினார்களா?' என்ற ஒரு கேள்வி போதும். உதவி இருந்தும் மக்கள் ஏன் வாங்க வருவதில்லை என்பதற்கான காரணம் பல நேரம் அந்தப் பதிலில் இருக்கும்.

ஏழாவது படி: எண்ணைப் பணத்தோடு கட்டுங்கள்

தென் அமெரிக்க நாடான பெருவில் நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு குறிகாட்டி எப்படி ஒரு நாட்டையே நகர்த்தும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. 2006 அதிபர் தேர்தலின்போது அங்குள்ள அமைப்புகளும் சர்வதேச நிறுவனங்களும் சேர்ந்து வேட்பாளர்களிடம் ஒரே ஒரு வாக்குறுதியைக் கேட்டன: ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் வளர்ச்சிக் குன்றலை ஐந்து ஆண்டுகளில் ஐந்து சதவீதப் புள்ளிகள் குறைக்க வேண்டும். ஐந்து, ஐந்து, ஐந்து. யாரும் மறக்க முடியாத இலக்கு. வேட்பாளர்கள் கையெழுத்திட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். 2008 முதல் நிதி அமைச்சகம் பணத்தைத் துறை வாரியாகப் பிரிப்பதற்குப் பதிலாக விளைவோடு கட்டியது. தடுப்பூசிக்கும் குழந்தைகளின் வளர்ச்சிப் பரிசோதனைக்கும் பணம் உறுதி செய்யப்பட்டது. 2005-ல் தொடங்கிய 'ஹுந்தோஸ்' திட்டம், குழந்தைகளைப் பரிசோதனைக்குக் கொண்டுவரும் ஏழைத் தாய்மார்களுக்கு ரொக்கம் தந்தது. உடல்நல சர்வேயைச் சில ஆண்டுக்கு ஒருமுறை என்பதிலிருந்து ஆண்டுதோறும் நடக்கும்படி மாற்றினார்கள். ஆகவே எந்தப் பகுதி பின்தங்குகிறது என்று அடுத்த பட்ஜெட்டுக்குள்ளேயே தெரிந்தது. சுற்றிலும் எல்லாக் குழந்தைகளும் குட்டையாக இருக்கும் ஊரில் தன் குழந்தை குட்டை என்று எந்தத் தாய்க்கும் தோன்றாது. வயதுக்கு எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்பதைப் பெற்றோருக்கே கண்ணில் காட்டினார்கள். 2008-ல் 28 சதவீதமாக இருந்த வளர்ச்சிக் குன்றல் 2016-ல் 13 சதவீதத்துக்கு இறங்கியது.

மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள நைஜர், பெருவைவிட ஏழை நாடு. 1998-ல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 226 பேர் ஐந்து வயதுக்குள் இறந்தார்கள். 2009-ல் அது 128. வருமானம் பெரிதாக உயர்ந்துவிடவில்லை. கிராம சுகாதார நிலையங்கள், கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் இலவச மருத்துவம், கொசுவலை, வைட்டமின் ஏ என்று குழந்தைகள் எதனால் சாகிறார்களோ அதைக் குறிபார்த்துச் செய்தார்கள். வருமானக் கோட்டை மட்டும் பார்த்திருந்தால் இந்த வெற்றி யார் கண்ணிலும் பட்டிருக்காது.

எட்டாவது படி: எண் கெட்டுப்போகாமல் காவல் இருங்கள்

ஓர் எண்ணில் பணமும் பதவியும் ஏறியவுடன் அந்த எண் வளையத் தொடங்கும். 2000-க்குப் பிறகு தடுப்பூசிக் கூட்டமைப்பான 'காவி', கூடுதலாகத் தடுப்பூசி போடப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் நாடுகளுக்கு 20 டாலர் வீதம் கொடுத்தது. கணக்கு அரசுகள் தரும் அறிக்கையின்படி. 2008-ல் ஆய்வாளர்கள் அந்த அறிக்கைகளைக் குடும்ப சர்வேக்களோடு ஒப்பிட்டார்கள். கூடுதலாக 1 கோடியே 39 லட்சம் குழந்தைகள் என்று அரசுகள் சொல்லியிருந்தன. சர்வேக்களில் 74 லட்சம்தான். பணத்தை விடுங்கள், தடுப்பூசி போட்டாயிற்று என்று பதிவேட்டில் இருக்கும் குழந்தையைத் தேடி இனி யாரும் போக மாட்டார்கள். எனக்குப் பொறுக்காதது அதுதான்.

தடுக்க வழி உண்டு. பணம் வாங்குபவரே அளக்கக் கூடாது. நிர்வாகப் பதிவுகளைச் சுதந்திரமான சர்வேயோடு அவ்வப்போது ஒத்துப் பாருங்கள். குறிகாட்டிகளை இணை சேர்த்து வையுங்கள்: பள்ளி வருகையோடு வாசிப்புத் திறன், பிரசவத்துக்கு மருத்துவமனை வந்தவர்களோடு தாய் மரணம். ஒன்றை ஏமாற்றலாம், இரண்டையும் சேர்த்து ஏமாற்றுவது கடினம். பெயர் நீக்கிய மூலத் தரவை வெளியிடுங்கள். வெளியார் கண் பட்டால் பிழை சீக்கிரம் தெரியும்.

ஒன்பதாவது படி: மாற்றம் உங்களால் வந்ததா என்று பாருங்கள்

முன்-பின் ஒப்பீடு மட்டும் போதாது. நல்ல மழை பெய்த ஆண்டில் எல்லாத் திட்டமும் வெற்றிதான். மெக்சிகோ 1997-ல் ஏழைக் குடும்பங்களுக்கு ரொக்கம் தரும் 'ப்ரோக்ரெசா' திட்டத்தைத் தொடங்கியபோது 506 ஊர்களில் 320-க்கு முதலில் கொடுத்து, 186-க்குப் பிறகு கொடுத்தது. அந்த இடைவெளி ஒப்பிட உதவியது.

வங்கதேசத்தின் பிராக் அமைப்பு 2002-ல் தொடங்கிய, மிக ஏழைகளுக்கான திட்டத்தைப் பின்பற்றி ஆறு நாடுகளில் சுமார் 10,500 குடும்பங்களிடம் சோதனை நடந்தது. முடிவுகள் 2015-ல் வந்தன. கால்நடை போன்ற ஒரு சொத்து, பயிற்சி, சில மாதங்களுக்கு உணவுக்கான உதவி, அடிக்கடி வந்து பார்க்கும் ஓர் ஆள், சேமிப்பு வசதி. பத்து வகை விளைவுகளை அளந்தார்கள். திட்டம் முடிந்து ஓராண்டு கழித்தும் சாப்பாடு, சொத்து, சேமிப்பு எல்லாம் மேம்பட்டிருந்தன. ஆனால் உடல்நலத்திலும் பெண்களின் முடிவெடுக்கும் உரிமையிலும் தெரிந்த முன்னேற்றம் நிலைக்கவில்லை. ஹோண்டுராஸில் கொடுத்த கோழிகள் பல நோயில் செத்ததால் பலனே குறைந்தது. வருமானம் என்ற ஒற்றை எண்ணோடு நின்றிருந்தால் இவையெல்லாம் மறைந்துபோயிருக்கும்.

இரண்டு சர்வேக்களை ஒப்பிடும்போது வரையறை மாறியிருக்கிறதா, அளந்த பருவம் ஒன்றா என்று பாருங்கள். அறுவடைக்குப் பின் எடுத்ததையும் பஞ்ச மாதத்தில் எடுத்ததையும் பக்கத்தில் வைக்காதீர்கள். வித்தியாசம் மாதிரிப் பிழையின் (எல்லோரையும் கேட்காமல் சிலரை மட்டும் கேட்பதால் வரும் பிழை) எல்லைக்குள் இருந்தால் 'குறைந்தது' என்று எழுதாதீர்கள்.

களத்துக்குப் போகும் முன் இன்னொன்று

ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மேல்கையைச் சுற்றி ஒரு வண்ண நாடாவால் அளப்பார்கள். 115 மில்லிமீட்டருக்குக் கீழ் இருந்தால் சிவப்பு: கடுமையான ஊட்டச்சத்துக் குறை. அந்தக் குழந்தை உங்கள் மாதிரியில் ஓர் எண்ணாக இருக்கலாம். ஆனால் அந்த நிமிடமே அதன் உயிர் ஆபத்தில் இருக்கிறது. கணக்கெடுப்பாளரின் பையில் கேள்விப் படிவத்தோடு பரிந்துரைச் சீட்டும், பக்கத்தில் சிகிச்சை எங்கே கிடைக்கும் என்ற விவரமும், போய்வர வண்டிச் செலவும் இருக்க வேண்டும். சிவப்பு தெரிந்தால் படிவத்தை மூடி வையுங்கள். தாயிடம் நாடாவைக் காட்டி விளக்குங்கள், சீட்டை எழுதிக் கொடுங்கள், அவர் எப்படிப் போவார் என்று கேட்டு ஏற்பாடு செய்யுங்கள். மீதிக் கேள்விகளை அவர் திரும்பி வந்த பிறகு கேட்கலாம்.